மறதிநோய் கண்ட முதியவரின் சொத்து, பணம், சிகிச்சை: காலத்தே எடுக்க வேண்டிய முடிவுகள்

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் நினைவாற்றலை மட்டும் பாதிப்பதில்லை. கணக்குப் பார்த்தல், ஆவணத்தைப் படித்துப் பொருள் கொள்ளுதல், நன்மை தீமைகளைச் சீர்தூக்கி முடிவெடுத்தல் ஆகிய திறன்களையும் அது படிப்படியாகக் குறைக்கிறது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிடுகிறது.

நோய் கண்டறியப்பட்ட நாளில் குடும்பத்தினர் மருந்தைப் பற்றியே கேட்கின்றனர். உயில், வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம் ஆகியவற்றைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் சில ஆண்டுகள் கழித்தே எழுகிறது. அதற்குள் கையெழுத்திட வேண்டியவர் அதன் பொருளை அறிய இயலாத நிலையை அடைந்திருப்பார். அப்போது மருத்துவரோ, சார்பதிவாளரோ, வங்கி மேலாளரோ விரும்பினாலும் உதவ இயலாது. நோயின் தொடக்க நிலையில் முதியவரும் குடும்பத்தினரும் சேர்ந்து என்னென்ன முடிவுகளை எடுக்கலாம், காலம் கடந்துவிட்டால் என்ன வழி உள்ளது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

நோய் உறுதியானால் முடிவெடுக்கும் உரிமை போய்விடுமா?

போகாது. மறதிநோய் என்று மருத்துவக் குறிப்பில் எழுதப்பட்ட காரணத்தால் மட்டும் ஒருவர் தம் சொத்தின் மீதோ சிகிச்சையின் மீதோ உள்ள உரிமையை இழப்பதில்லை. முடிவெடுக்கும் திறன் அந்தந்த முடிவைப் பொறுத்தும், அந்தந்த நேரத்தைப் பொறுத்தும் மதிப்பிடப்படுகிறது. நேற்று உண்டதை மறந்த ஒருவர், தமக்கு எத்தனை பிள்ளைகள், எந்த ஊரில் எவ்வளவு நிலம், அதை யாருக்கு ஏன் தர விரும்புகிறார் என்பதைத் தெளிவாகச் சொல்லக்கூடும். அவர் உயில் எழுதலாம். அதே நபர் சிக்கலான கடன் ஒப்பந்தம் ஒன்றைப் புரிந்துகொள்ள இயலாதவராகவும் இருக்கலாம்.

ஆகவே, "அவருக்கு ஒன்றும் தெரியாது, நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று தொடக்கத்திலேயே அவரை ஒதுக்கிவைப்பது தவறு. "அவர் நன்றாகத்தான் இருக்கிறார், இப்போது என்ன அவசரம்?" என்று தள்ளிப்போடுவதும் தவறு. தொடக்க நிலையே அவருடைய விருப்பத்தை அவர் வாயிலாகவே அறிந்து எழுதிவைக்கத் தக்க காலம்.

பண விவகாரங்களில் தென்படும் முதல் அறிகுறிகள்

பணத்தைக் கையாளும் திறன் இந்நோயில் பெரும்பாலும் முன்னதாகவே குறையத் தொடங்குகிறது. பின்வருவன புதிதாகத் தென்பட்டால் கவனியுங்கள்:

• மின்கட்டணத்தை இருமுறை செலுத்துதல் அல்லது தொடர்ந்து செலுத்தாமல் விடுதல்
• கடையில் மீதிச் சில்லறையை எண்ணத் தடுமாறுதல்
• ஏடிஎம் இரகசிய எண்ணை அடிக்கடி மறத்தல்
• கையெழுத்து மாறுபடுவதால் காசோலைகள் திரும்பி வருதல்
• வழக்கத்திற்கு மாறாகப் பெருந்தொகை எடுத்தல், அறிமுகமற்றவர்களுக்குப் பணம் தருதல்
• பணத்தைத் திருடிவிட்டதாக வீட்டாரைத் திரும்பத் திரும்பக் குற்றஞ்சாட்டுதல்

இவை அனைத்தும் மறதிநோயால் மட்டுமே வருவன அல்ல. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு, தலையில் அடிபட்டபின் மூளையைச் சுற்றி ஏற்படும் இரத்தக் கசிவு ஆகியவையும் இத்தகைய மாற்றங்களைத் தரலாம். இவற்றுள் பலவற்றைச் சிகிச்சையால் சரிசெய்ய இயலும்.

சில மணி நேரத்திலோ ஓரிரு நாள்களிலோ திடீரெனத் தோன்றும் குழப்பம் வேறு வகையானது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, இரத்தத்தில் சோடியம் குறைதல், அறுவை சிகிச்சை முதலியவற்றால் அது வரலாம். அது மருத்துவ அவசரநிலை. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்தக் குழப்பம் தெளியும் வரை எந்த ஆவணத்திலும் அவரைக் கையெழுத்திடச் செய்யாதீர்கள்.

மருத்துவச் சான்று: எப்போது, எதற்காக?

உயில் அல்லது முக்கியமான பத்திரம் எழுதும் முதியவருக்கு நினைவுக் குறைபாடு இருப்பின், பிற்காலத்தில் "அவர் சுயநினைவுடன் எழுதவில்லை" என்ற வழக்கு எழ வாய்ப்புண்டு. பத்திரம் எழுதும் நாளிலோ அதற்கு மிக நெருங்கிய நாளிலோ பெறப்படும் மருத்துவச் சான்று அத்தகைய வழக்கில் முக்கியச் சான்றாக அமையும்.

மருத்துவர் முதியவரை நேரில் பார்த்து, உடன் வந்தவர்களை வெளியே இருக்கச் செய்து, தனியே பேசுவார். இது என்ன ஆவணம், உங்கள் சொத்துகள் எவை, உங்கள் நெருங்கிய உறவினர் யாவர், ஒருவருக்கு அதிகமும் மற்றவருக்குக் குறைவும் தருவதற்குக் காரணம் என்ன, யாரேனும் வற்புறுத்தினார்களா என்பன போன்ற கேள்விகளைக் கேட்பார். விடைகள் முதியவருடைய சொந்தச் சொற்களிலேயே பதிவு செய்யப்படும். தேவையெனில் மனநல மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ பரிந்துரைக்கப்படுவார். தனியே பேச வேண்டும் என்று மருத்துவர் சொல்வதை அவமதிப்பாகக் கருத வேண்டாம். பிற்காலத்தில் உங்கள்மீது ஐயம் எழாதிருக்கவும் அதுவே துணை செய்யும்.

நீங்கள் செய்யத்தக்கவை:

• மாலை நேரத்தில் குழப்பம் மிகுவது இந்நோயின் இயல்பாதலால், காலை வேளையைத் தேர்ந்தெடுங்கள்.
• மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவற்றை மறவாது அணிவியுங்கள்.
• முன்னைய மருத்துவக் குறிப்புகளையும் மருந்துப் பட்டியலையும் எடுத்து வாருங்கள்.
• விடைகளை முன்கூட்டியே சொல்லிக்கொடுக்காதீர்கள்.

முதியவரை நேரில் காணாமல் எந்த மருத்துவரும் சான்று அளிக்கக் கூடாது. உணர்வற்றுக் கிடப்பவரின் கைவிரலைப் பிடித்துப் பத்திரத்தில் ரேகை பதிப்பது அவருடைய ஒப்புதல் ஆகாது. அப்பத்திரம் செல்லாது என்பதோடு, மோசடி எண்ணத்துடன் அவ்வாறு செய்வது போலி ஆவணம் உருவாக்கிய குற்றமாகவும் கருதப்படும்.

உயிலா, தான செட்டில்மெண்டா?

இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் கையெழுத்திட்டுவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர். வேறுபாட்டை அறிந்துகொள்ளுங்கள்.

உயில், எழுதியவரின் மறைவுக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும். உயிருடன் இருக்கும் வரை சொத்து அவருடையதே. தெளிந்த மனநிலையில் இருக்கும் வரை எத்தனை முறையும் மாற்றலாம், நீக்கலாம். குறைந்தது இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். உயிலால் பயன் பெறுவோர் சாட்சியாக இல்லாதிருப்பது நல்லது. பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆயினும் பதிவு செய்த உயிலை மறைப்பதும் திருத்துவதும் கடினம். இஸ்லாமியர்கள், வாரிசுகளின் ஒப்புதல் இன்றி, கடன்களும் இறுதிச் சடங்குச் செலவும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கு வரையே உயில் மூலம் வழங்க இயலும்.

தான செட்டில்மெண்ட் பத்திரம், பதிவு செய்தவுடன் நடைமுறைக்கு வரும். சொத்து அன்றே பிள்ளையின் பெயருக்கு மாறிவிடும். எழுதியவர் தாமாக அதை எளிதில் திரும்பப் பெற இயலாது. செட்டில்மெண்ட் எழுதியே ஆக வேண்டும் என்றால், இரண்டு விதிகளைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். முதலாவது, வாழ்நாள் முழுவதும் அவ்வீட்டில் குடியிருக்கவும் வருவாயை அனுபவிக்கவும் முதியவருக்கு உள்ள ஆயுட்கால உரிமை. இரண்டாவது, சொத்தைப் பெறுபவர் அவருக்கு உணவு, உறைவிடம், மருத்துவம் முதலியவற்றை வழங்க வேண்டும் என்ற நிபந்தனை.

இரண்டாவது விதி மிக முக்கியமானது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்தைப் பெற்றவர் அதனை மீறினால், அப்பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கத் தீர்ப்பாயத்தைக் கோரலாம். நிபந்தனை இருந்ததா என்பதே இத்தகைய வழக்குகளில் முதலில் எழும் கேள்வி. அது பத்திரத்திலேயே தெளிவாக இருந்தால் முதியவரின் நிலை வலுவாக இருக்கும்.

நடமாட இயலாத முதியவரைச் சார்பதிவாளர் அலுவலகத்திற்குத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. உரிய காரணம் காட்டி விண்ணப்பித்தால், பதிவு அலுவலர் வீட்டிற்கோ மருத்துவமனைக்கோ வந்து பதிவு செய்யப் பதிவுச் சட்டம், 1908 இடமளிக்கிறது.

பவர் பத்திரம் குறித்த பொதுவான தவறான நம்பிக்கை

"அப்பா எனக்குப் பொது அதிகாரம் எழுதிக் கொடுத்திருக்கிறார், அவர் நினைவிழந்தாலும் நான் கையெழுத்திடலாம்" என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, அதிகாரம் அளித்தவர் இறந்தாலோ மனத்தெளிவை இழந்தாலோ அந்த அதிகாரமும் பொதுவாக முடிவுக்கு வந்துவிடும். மறதிநோய் முற்றிய காலத்துக்குத் தேவை என்று எழுதப்படும் பவர் பத்திரம், அத்தேவை எழும் நாளிலேயே வலுவிழந்துவிடுகிறது.

முதியவர் தெளிவாக இருந்தும் நடமாட இயலாத காலத்திற்கே பவர் பத்திரம் பயன்படும். அதையும் குறிப்பிட்ட பணிகளுக்கு மட்டும் வரையறுத்து எழுதுவது நல்லது. சொத்தை விற்கும் அதிகாரத்தைத் தருவதற்கு முன் வழக்கறிஞரை முதியவரே நேரில் கலந்தாலோசிக்க வேண்டும்.

வங்கிக் கணக்கும் ஓய்வூதியமும்

முதியவர் தெளிவாக இருக்கும்போதே வங்கிக்கு அவருடன் சென்று பின்வருவனவற்றை முடித்துவிடுங்கள்:

• நம்பிக்கைக்குரிய ஒருவரை இணைத்து, இருவரில் எவரும் இயக்கத்தக்க, ஒருவருக்குப் பின் எஞ்சியவர் பெறத்தக்க கூட்டுக் கணக்காக மாற்றலாம். கணவன் மனைவி இருவரும் முதியோராக இருப்பின் இது பெரிதும் உதவும்.
• எல்லாக் கணக்குகளிலும் வைப்புகளிலும் நாமினி பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புக் கணக்குகளுக்கு நான்கு நாமினிகள் வரை நியமிக்கலாம்.
• கணக்குகள், வைப்புகள், காப்பீடு, அடகு நகைகள், கொடுத்த கடன், வாங்கிய கடன் ஆகியவற்றை ஒரே நோட்டில் பட்டியலிடுங்கள். ஏடிஎம் இரகசிய எண்ணை அதில் எழுத வேண்டாம்.

நோயினால் கையெழுத்திட இயலாதவர் கைரேகை பதித்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி வழிவகுத்துள்ளது. வங்கிக்கு அறிமுகமான இரண்டு சாட்சிகள் அதனை அடையாளம் காட்ட வேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். வங்கிக்கு வர இயலாத நிலையிலும் இவ்வழி உண்டு. 70 வயதைக் கடந்தவர்களுக்கும், நடமாட இயலாதவர்களுக்கும் பணம் எடுத்தல், வாழ்நாள் சான்று அளித்தல் ஆகிய சேவைகளை வீட்டிலேயே வழங்க வங்கிகள் முயல வேண்டும் என்று 2017-இல் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. உங்கள் கிளையில் கேளுங்கள். இவ்வசதிகள் உடல் தளர்ந்தவருக்கு உரியவை. தம் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்படுவதை அறியவே இயலாதவருக்கு இவை தீர்வாகா.

முதியவரின் பணத்தை நீங்கள் கையாள்பவராயின், அவருக்காகச் செலவிட்ட ஒவ்வொரு தொகையையும் நாள்வாரியாக எழுதி, பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். உடனிருந்து பல ஆண்டுகள் பணிவிடை செய்தவரே பின்னாளில் வெளியூரில் வாழும் உடன்பிறந்தாரின் குற்றச்சாட்டுக்கு ஆளாவது வீடுகளில் நடக்கும் துயரம். அந்த நோட்டு அவருக்குப் பாதுகாப்பு. பராமரிப்பவர் வேலையைத் துறந்திருப்பின் அவருடைய செலவை யார், எவ்வளவு பகிர்ந்துகொள்வது என்பதையும் குடும்பத்தினர் கூடி, முதியவர் முன்னிலையில் பேசி எழுதிக்கொள்வது நல்லது.

சிகிச்சை குறித்த முன்விருப்பம்

மீள இயலாத நோய்நிலையில் செயற்கைச் சுவாசக் கருவி வேண்டுமா, வேண்டாமா என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018-இல் இவ்வுரிமையை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. தெளிந்த மனநிலையில் உள்ள வயதுவந்த எவரும், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் சான்றொப்பம் பெற வேண்டும். தமக்காக முடிவைத் தெரிவிக்கத்தக்க நெருங்கிய உறவினரின் பெயர்களையும் அதில் குறிப்பிட வேண்டும். நோயாளி பேச இயலாத இறுதி நிலையில், இரண்டு மருத்துவக் குழுக்கள் ஆய்ந்த பின்னரே அது செயல்படுத்தப்படும்.

இதன் பொருள் சிகிச்சையைக் கைவிடுதல் அன்று. வலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றைத் தணிக்கும் வலிநிவாரண மற்றும் ஆதரவுச் சிகிச்சை இறுதிவரை தொடரும். ஆவணம் எழுத விரும்பாதவரிடமும் இதைப் பற்றி ஒருமுறை பேசிவையுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், "அம்மா என்ன விரும்பியிருப்பார்?" என்ற கேள்விக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு விடை சொல்லும் நிலை அதனால் தவிர்க்கப்படும்.

எந்த ஏற்பாடும் இன்றித் திறன் இழந்துவிட்டால்

அந்நிலையில் மனைவியோ மகனோ என்பதால் மட்டும் ஒருவர் முதியவரின் பெயரிலுள்ள சொத்தை விற்கவோ, தனிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கவோ உரிமை பெறுவதில்லை. நீதிமன்றத்தின் வாயிலாகவே காப்பாளர் நியமனம் பெற வேண்டும். நனவிழந்த நிலையில் உள்ளவர்களுக்கு, அரசியலமைப்பின் 226-ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றங்கள் காப்பாளரை நியமித்து வருகின்றன. மருத்துவ அறிக்கை, சொத்து விவரம், மற்ற வாரிசுகளின் நிலைப்பாடு ஆகியவற்றை நீதிமன்றம் ஆராயும். கணக்கு ஒப்படைக்கவும் ஆணையிடலாம். இதற்குக் காலமும் செலவும் ஆகும். மருத்துவச் செலவுக்கு முதியவரின் சொந்தப் பணமே இருந்தும் அதைத் தொட இயலாமல் குடும்பம் கடன் வாங்கும் நிலை இப்படித்தான் உருவாகிறது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்கீழ் நியமிக்கப்படும் பிரதிநிதி, மனநலச் சிகிச்சை தொடர்பாகவே செயல்படலாம். சொத்து விவகாரத்திற்கு அந்த நியமனம் பயன்படாது.

கைவிடப்பட்டால், ஏமாற்றப்பட்டால்

தம் வருவாயைக் கொண்டும் சொத்தைக் கொண்டும் வாழ இயலாத பெற்றோர், வயதுவந்த பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரலாம். பிள்ளைகள் இல்லாத மூத்த குடிமக்கள், தம் சொத்தை அடையவிருக்கும் உறவினரிடம் கோரலாம். தமிழ்நாட்டில் வருவாய் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு அளிக்க வேண்டும். முதியவரால் இயலாவிடில், அவர் அதிகாரம் அளிக்கும் ஒருவரோ தன்னார்வ அமைப்போ அளிக்கலாம். எதிர்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்த 90 நாள்களுக்குள் மனு முடிக்கப்பட வேண்டும். தவிர்க்க இயலாத காரணம் இருப்பின் ஒருமுறை 30 நாள் நீட்டிக்கலாம். சட்டப்படி அதிகபட்சத் தொகை மாதம் 10,000 ரூபாய். பராமரிக்கும் பொறுப்புடையவர் முதியவரை ஓரிடத்தில் கொண்டுபோய் நிரந்தரமாக விட்டுச் செல்வது, மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

உடலில் விளக்கமற்ற காயங்கள், தொடர்ந்த பட்டினி, மருந்து தரப்படாமை, யாரையும் தனியே பார்க்க அனுமதிக்காமை ஆகியவை துன்புறுத்தலின் அறிகுறிகள். நீங்களே அந்த முதியவராக இருந்து இதைப் படிப்பீர்களாயின், உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ தனியே பேச வேண்டும் என்று கேளுங்கள்.

தொலைபேசியில் காவல் அதிகாரி போலப் பேசி, "டிஜிட்டல் கைது" என்று மிரட்டிப் பணம் பறிப்போரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அத்தகைய கைது நம் சட்டத்தில் கிடையாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். விரைந்து தெரிவித்தால் பணம் கைமாறுவதை நிறுத்தும் வாய்ப்பு மிகுதி.

செலவுக்குத் துணையாகும் அரசுத் திட்டங்கள்

• ஆதரவற்ற முதியோருக்கான மாத உதவித்தொகை தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வட்டாட்சியர் அலுவலகத்தையோ இ-சேவை மையத்தையோ அணுகவும்.
• முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில் தகுதியை அரசு மருத்துவமனையின் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் கேட்டறியுங்கள்.
• 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளும், இயன்முறை மருத்துவமும், ஆதரவுச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமினியாக உள்ளவருக்கே பணம் முழுவதும் சொந்தமா?
வங்கி வைப்புகளில் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர் மட்டுமே; உரிமை, உயிலின்படியோ வாரிசுரிமைச் சட்டப்படியோ முடிவாகும். ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருப்பின் தொகை அவர்களுக்கே உரியதாகும்.

நோயின் பெயரை அவரிடம் சொல்ல வேண்டுமா?
அவர் அறிய விரும்பினால் சொல்ல வேண்டும். தம் நிலையை அறியாதவரால் தம் எதிர்காலத்தைத் திட்டமிட இயலாது. மென்மையாகச் சொல்ல மருத்துவரின் உதவியைக் கேளுங்கள்.

உயிலைப் பற்றிப் பேசினால் மனம் புண்படாதா?
"யாருக்கு எழுதப்போகிறீர்கள்?" என்று தொடங்கினால் புண்படலாம். "உங்கள் விருப்பப்படியே எல்லாம் நடக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்" என்று தொடங்கிப் பாருங்கள்.

உதவிக்கு அழைக்க வேண்டிய எண்கள்

• முதியோர் உதவி எண்: 14567
• மருத்துவ ஆலோசனை: 104
• இலவசச் சட்ட உதவி: 15100. பெண்கள், வருமான வரம்பின்றி இவ்வுதவியைப் பெறலாம்.
• இணையவழிப் பண மோசடி: 1930
• அவசர மருத்துவ ஊர்தி: 108

இப்பக்கம் பொதுவான வழிகாட்டுதலுக்கு உரியது. உங்கள் குடும்பத்தின் சொத்து நிலைக்கும் தனிநபர் சட்டத்திற்கும் ஏற்ப முறைகள் மாறுபடலாம். பத்திரம் எழுதும் முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ வழக்கறிஞரிடமோ ஆலோசனை பெறுங்கள். அடுத்த மருத்துவப் பரிசோதனைக்கு வரும்போது, மருந்துச் சீட்டோடு இக்கேள்வியையும் எழுதி எடுத்து வாருங்கள்: "இவர் தம் முடிவுகளைத் தாமே எடுக்கும் நிலையில் இப்போது இருக்கிறாரா?" இருக்கிறார் என்று மருத்துவர் சொன்னால், அந்த மாதத்திலேயே பணியைத் தொடங்குங்கள்.